பதினோரு தடவை திறந்த காம்பஸ் பெட்டி

பதினோராம் வகுப்பு எழிலரசனின் காம்பஸ் பெட்டிக்குள் முன்னொரு காலத்தில் ஓர் ஆறு அங்குல ஸ்கேல் குடியிருந்தது. அளவு விஷயத்தில் படு கறார். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அதற்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மூன்று மாதமாக அதன் பக்கத்தில் ஒரு பாதி சிகரெட் படுத்திருந்தது. காலை ட்யூஷன் முடிந்ததும் நாலு பையன்கள் மாற்றி மாற்றி இழுப்பார்கள். மிச்சத்தை அணைத்து எழில் பெட்டிக்குள் வைப்பான். தினம் சிகரெட் மாறும், அதன் திமிர் மாறாது.

எழில் நானூறு மீட்டர் ஓட்டக்காரன். இப்போது கடைசி நூறு மீட்டரில் மூச்சு இரைத்தது.

ஒருநாள் பள்ளியில் மருத்துவ முகாம் போட்டு, சிகரெட் பழக்கத்துக்கு மதிப்பெண் போடும் கேள்வித்தாள் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். காம்பஸ் பெட்டியும் கையுமாக வரிசையில் நிற்கும்போது எழில் நண்பன் ஜெரால்டிடம் முணுமுணுத்தான். "மார்க் அதிகம்னு வந்துச்சுன்னா, நர்ஸ் சிஸ்டர்கிட்ட உதவி கேட்டு சிகரெட்டை விட்றலாம்னு இருக்கேன்டா. நானா விட முடியல." ஸ்கேலுக்கு உயிர் வந்தது.

மேஜைமேல் கேள்வித்தாள் விறைப்பாகக் கிடந்தது. "கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?" என்று கேட்டது.

"ரெண்டு மணி நேரம் கழிச்சு," என்றான் எழில்.

"பூஜ்யம்."

ஸ்கேல் பெட்டிக்குள் துள்ளியது. "வீட்ல அவங்க அப்பா இருக்காருய்யா. பல்லைக் கடிச்சுக்கிட்டு ட்யூஷனுக்கு ஓடி வர்றான்."

தாள் காதில் வாங்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை?"

"ஒண்ணு. அதுவும் பாதி பாதியா."

"பூஜ்யம். காய்ச்சலில் படுத்தாலும் பிடிப்பாயா?"

"அம்மா பக்கத்திலேயே இருப்பாங்க. இல்ல."

"பூஜ்யம்."

"நிறுத்து," என்றது ஸ்கேல். "காலையிலிருந்து இந்தப் பெட்டியைப் பதினோரு தடவை திறந்தான். நான் எண்ணினேன். தமிழ் வகுப்புல என்ன கோடு போடப் போறான்? திறக்குறான், மோந்து பார்க்குறான், மூடுறான். அதைக் கேளேன்."

"அந்தக் கேள்வி என்னிடம் இல்லை. பாக்கெட் பாக்கெட்டாக ஊதும் பெரியவர்களுக்கு அச்சடித்த தாள் நான்."

"பெரியவனுக்குத் தைச்ச சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு, உள்ளே உடம்பே இல்லைன்னு சொல்றியே, உனக்கு வெட்கமா இல்ல?"

பாதி சிகரெட் சோம்பலாகச் சிரித்தது. "எதுக்குக் கத்துற? தாள் சரியாத்தான் சொல்லுது. எனக்குப் பிடிச்ச தாள்."

ரெஜினா சிஸ்டர் கூட்டிப் பார்த்தார். "மொத்தம் பூஜ்யம். நீ ஒண்ணும் அடிமையாகலப்பா. இனிமே தொடாதே, போ."

எழில் நகராமல் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவர் அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார். ஸ்கேலுக்கு ஆத்திரத்தில் தன்னையே இரண்டாக முறித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று மாலை எழில் தனக்கென்று மட்டும் இரண்டு முழு சிகரெட் வாங்கினான். நமக்குத்தான் ஒன்றுமில்லையே என்று நினைத்துக்கொண்டான். பையை எடுக்க வகுப்பறைக்கு வந்து, பெட்டியைத் திறந்து அவற்றை உள்ளே வைத்தான். ஸ்கேல் வேண்டுமென்றே குறுக்கே விழுந்து முட்டுக்கொடுத்தது. மூடி மூடவில்லை. அவன் அழுத்திப் பார்த்தான். ஸ்கேல் வளைந்ததே தவிர, விட்டுக்கொடுக்கவில்லை.

"சனியன்," என்று அதை உருவி ஜன்னல்கட்டையில் போட்டுவிட்டு, எழில் பெட்டியை மூடிக்கொண்டு போனான்.

இனி எத்தனை தடவை திறந்தாலும், எண்ணிச் சொல்ல உள்ளே ஆளில்லை.