தலைவரின் மாற்றுச் சட்டை

தேர்தல் வந்தால் வேட்பாளரைவிட அவருடைய டிரைவருக்குத்தான் முதலில் இடுப்பு ஒடியும். தலைவர் வீரபத்திரனின் டிரைவர் சுடலைக்கண்ணுவுக்கும் ஒடிந்திருந்தது. கொளுத்தும் வெயிலில், செம்மண் தூசியில், ஊர்வலத்தோடு முதல் கியரிலேயே உருட்டி உருட்டி, காரின் என்ஜின் ஆயில் கறுத்து மசியாகிவிட்டது.

"அண்ணாச்சி, ஆயில் மாத்திருவோம்."

"பத்தாயிரம் கிலோமீட்டர்னு கம்பெனிக்காரன் சொல்லியிருக்கான். இப்பத்தான் பாதி ஓடியிருக்கு."

"அது சாதா ஓட்டத்துக்கு அண்ணாச்சி. இந்த ஓட்டத்துக்குப் பாதியிலயே மாத்தணும்."

"அவனைவிட நீ பெரிய ஆளோ? வண்டி நடுவழியில நின்னுச்சு, உன் வேலை போச்சு!"

சுடலைக்கண்ணு பானெட்டை மூடிவிட்டு வண்டியை எடுத்தான்.

மறுநாள் மத்தியானம் மேடை ஏறுமுன், வழக்கம்போலத் தலைவர் பின்சீட்டுப் பக்கம் கையை நீட்டினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைகள் அங்கே எப்போதும் தொங்கும். இன்று ஒன்றுகூட இல்லை.

"சட்டை எங்கலே?"

"வீட்டுல இருந்தா ஒரே சட்டையை ரெண்டு நாள் போடுவீங்களே அண்ணாச்சி. இது காலையில போட்டதுதானே?"

தலைவர் கத்திய கத்தலில் கட்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வீடும் இதுவும் ஒண்ணாலே? காலையிலேருந்து வெயில்லயும் தூசியிலயும் நாயா அலைஞ்சிருக்கேன்!"

"வண்டியும் உங்ககூடத்தானே அண்ணாச்சி வந்துச்சு?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சுடலைக்கண்ணு டிக்கியைத் திறந்து, ஒளித்து வைத்திருந்த சட்டையை நீட்டினான். தலைவர் அவன் முகத்தைப் பார்க்காமல் பட்டனைப் போட்டார்.

"நான் பேசி முடிக்கிறதுக்குள்ள மாத்திட்டு வந்திரு."

சட்டை மாறியது, ஆயிலும் மாறியது. தன்னை மாற்றிவிட ஆளில்லாத சுடலைக்கண்ணு மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடித்தான்.