குன்றன் வைத்த குளம்படி

கருமலைக் காட்டில் மிருகங்கள் சைக்கிள் ஓட்டின. மலைக்கு வந்த மனிதர்கள் வளைந்தது, உடைந்தது என்று போட்டுவிட்டுப் போன சைக்கிள்கள்தான். சடைச்சி என்ற கருமந்தி அவற்றைப் பலாமரத்தடியில் பிரித்துப் போட்டு, முறுக்கி, தட்டி, ஓட வைத்துவிடுவாள்.

ஓட்டுகிற இடம்தான் மோசம். அதன் பெயர் வழுக்குச்சரிவு. உச்சியிலிருந்து ஓடைவரை பதினோரு வளைவுகள். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே கிடையாது, வெறும் பனிமூட்டம். எட்டாவது வளைவுக்குக் கீழே ஒரு மரக்கிளையில் ஒற்றைச் சக்கரம் மாட்டித் தொங்கும். அது போன வருஷம் விழுந்த காட்டுப்பன்றியின் சைக்கிள் சக்கரம். காற்றடித்தால் அது தானாகவே சுற்றும். கிறீச்... கிறீச்... பன்றியை யாரும் மறுபடி பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் காட்டில் ஒரு வழக்கம் வந்தது. சடைச்சி புதிதாக எதைச் செய்தாலும் சரி, முதலில் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு பதினோரு வளைவும் இறங்கிப் பார்க்க வேண்டும். பொருள் தேறினால், செம்மண் குழம்பில் குளம்பை நனைத்து அதன்மேல் ஓர் அடி வைக்க வேண்டும். குளம்படி விழுந்த பொருளை மற்றவர்கள் நம்பி ஓட்டலாம்.

அந்த வேலைக்குக் குன்றனைப் பிடித்துப் போட்டார்கள். குன்றன் ஒரு வரையாடு. செங்குத்துப் பாறையில் நின்றுகொண்டு அசை போடுகிறவன்.

"சரிவுன்னா இவனுக்கு விளையாட்டு! இவனை விட்டா வேற யாரு?" என்றது காட்டெருமை.

எல்லாரும் தலையாட்டினார்கள். குன்றனை ஒருவரும் கேட்கவில்லை.

உண்மை என்னவென்றால், குன்றனுக்குச் சைக்கிள் என்றாலே பயம். சொந்தக் காலில் நின்றால் அவனுக்கு எந்தப் பாறையும் பாறையில்லை. நான்கு குளம்பும் கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சைக்கிளில் ஏறினால் குளம்பு மண்ணைத் தொடாது. கீழே உருளுவது வேறு எதுவோ. அது எங்கே நிற்கும், நிற்குமா என்று அவனுக்குத் தெரியாது.

முதல் நாள் மூன்றாவது வளைவுவரை போனான். பனிக்குள்ளிருந்து அந்தச் சக்கரம் கிறீச்சிட்டது. அவ்வளவுதான். இறங்கிவிட்டான். திரும்பி மேலே போனால் சிரிப்பார்கள். வரையாடு சரிவைப் பார்த்துப் பயந்தது என்றால் மலையே சிரிக்கும்.

அதனால் அவன் ஒரு காரியம் செய்தான். சைக்கிளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். பாதையை விட்டு விலகி, நெட்டுக்குத்தான பாறை வழியாகவே இறங்கினான். கரணம் தப்பினால் எலும்புகூட மிஞ்சாத இடம் அது. அங்கே அவனுக்குத் துளியும் பயமில்லை! கீழே வந்ததும் ஓடைச் சேற்றை அள்ளி டயரில் அப்பினான். தன் முகத்திலும் கொஞ்சம் தெளித்துக்கொண்டான். பிறகு மூச்சு வாங்குவதுபோல் நின்றான்.

"எப்படி இருந்துச்சு தம்பி?" என்று ஓடைக்கரைக்கு வந்த சடைச்சி கேட்டாள்.

"அருமைக்கா!" என்றான் குன்றன். குளம்படி வைத்தான்.

கைப்பிடிக்கு ஒன்று. இருக்கைக்கு ஒன்று. தலைக்கவசத்துக்கு ஒன்று. எல்லாம் இப்படித்தான். நல்லவேளையாகச் சடைச்சி கெட்டிக்காரி. எதுவும் உடையவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் குன்றன் பெயர் ஏறிக்கொண்டே போனது. பெயர் ஏற ஏற அவன் தூக்கம் குறைந்துகொண்டே போனது.

அந்த வருஷத்து மழைக்காலம் முடிந்ததும் சடைச்சி புது பிரேக் கட்டை செய்தாள். பலாப்பாலையும் கரித்தூளையும் பிசைந்து இறுக்கிய கட்டை. சக்கரத்தை அட்டைபோல் கவ்வியது. பழைய பிரேக்கில் எட்டாவது வளைவுவரைதான் ஓட்டுவார்கள். அதற்கப்புறம் செங்குத்து, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். புது பிரேக்கில் பதினொன்றும் ஓட்டலாம் என்று காடே பேசிக்கொண்டது.

குன்றன் அதையும் கழுத்தில் மாட்டி இறக்கினான். அதற்கும் குளம்படி வைத்தான்.

"முதல்ல நான்தான் போவேன்!" என்று குதித்து வந்தாள் செவத்தி.

செவத்தி முள்ளம்பன்றி. வாய்த்துடுக்கு. அவள் பக்கத்தில் நின்றாலே டயர் பஞ்சராகும் என்று எல்லாரும் வண்டியை நகர்த்திக்கொள்வார்கள். அவளுக்கு மூன்று தலைக்கவசம் ஓட்டையாகியிருந்தது. ஆனால் காட்டிலேயே அவளைப்போல் ஓட்ட ஆளில்லை.

"பாத்துப் போ புள்ள," என்றது காட்டெருமை.

"எதுக்குப் பாக்கணும்? அதான் எங்கண்ணன் பாத்தாச்சே!" என்று செவத்தி குன்றனைக் காட்டினாள். "அண்ணன் கால் பட்டிருக்கு. நான் கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்!"

குன்றன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலை எல்லாரும் உச்சியில் கூடினார்கள். பனி கலையவில்லை. இரண்டாவது வளைவே கண்ணுக்குத் தெரியவில்லை. செவத்தி இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு மணியை அடித்துக்கொண்டிருந்தாள்.

சடைச்சி குன்றனைத் தனியே கூட்டிக்கொண்டு போனாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, ஒரு விஷயம். மிச்சமிருந்த கட்டையை நேத்து வெயில்ல வெச்சேன். வெல்லப்பாகு மாதிரி இளகிடுச்சு. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினா சூடு ஏறுமே. நீ இறங்கினப்போ எப்படி இருந்துச்சு? வழுக்குச்சா? தீஞ்ச வாடை வந்துச்சா?"

குன்றன் அவள் முகத்தைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. 'நான் இறங்கலைக்கா.' நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் காட்டெருமை இந்தப் பக்கம் திரும்பிக் கண்ணடித்தது. "என்ன வீரரே, ரகசியம்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வந்த வார்த்தையைக் குன்றன் விழுங்கினான்.

"ஒண்ணும் ஆகலைக்கா. நல்லாப் பிடிச்சுது," என்றான்.

சடைச்சியின் முகம் தெளிந்தது. "அப்பாடா! நீ சொன்னா சரி. ஏய் செவத்தி, கிளம்பு!"

செவத்தி கிளம்பினாள். பனி அவளை அப்படியே விழுங்கிவிட்டது.

அப்புறம் சத்தம் மட்டும்தான். கல் தெறிக்கும் சத்தம். வளைவில் பிரேக் கீச்சிடும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. "ஊஊய்!" என்று செவத்தி கத்துவது கேட்டது. மேலே எல்லாரும் கைதட்டினார்கள். குன்றன் தட்டவில்லை. நாலு. அஞ்சு. கீச்சு சத்தம் கொஞ்சம் நீளமாக வந்தது. ஆறாவது வளைவில் இன்னும் நீளமாக.

ஏழாவது வளைவில் சத்தமே வரவில்லை.

கீழிருந்து காற்று வந்தது. அதில் ஒரு வாடை. பலாப்பால் கருகும் வாடை.

குன்றனின் முதுகு மயிர் சிலிர்த்தது. "செவத்தி!" என்று அலறினான். அடுத்த கணம் உச்சியின் விளிம்பிலிருந்து பாறைமேல் பாய்ந்துவிட்டான்.

நேராக இறங்கினான். பாதை சுற்றிச் சுற்றிப் போகும். அவன் குறுக்கே பாய்ந்து பாய்ந்து போனான். காலுக்குக் கீழே கல் பெயர்ந்து உருண்டது. அவன் நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினான்.

"பிரேக்கை நம்பாதே! நான் பாக்கவே இல்லை! பொய் சொன்னேன்! நான் இறங்கவே இல்லை!"

பள்ளத்தாக்கு அதைத் திருப்பிச் சொன்னது. இறங்கவே இல்லை... இறங்கவே இல்லை... உச்சியில் கைதட்டல் நின்றுபோனது. மலையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது. குன்றனுக்கு அது உறைக்கவே இல்லை. அவன் காதில் விழுந்ததெல்லாம் செவத்தியின் குரல் ஒன்றுதான்.

"அண்ணே! நிக்கல! நிக்க மாட்டேங்குது!"

எட்டாவது வளைவை அவள் எப்படித் திரும்பினாளோ தெரியாது. கிளையில் தொங்கிய சக்கரம் அவள் போன வேகத்தில் கிறுகிறுவென்று சுற்றியது. ஒன்பதாவது வளைவுக்குக் குன்றன் முந்திக்கொண்டான். பாதையின் விளிம்பில், பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, நான்கு குளம்பையும் கல்லில் ஊன்றி நின்றான்.

பனியைக் கிழித்துக்கொண்டு வண்டி வந்தது. செவத்தியின் கண் இரண்டும் வெளியே பிதுங்கியிருந்தது.

"கைப்பிடியை விடு! என்மேல பாய்!"

"முள்ளு குத்தும்ணே!"

"பாய்டீ!"

அவள் பாய்ந்தாள். குன்றனின் மார்பில் வந்து மோதினாள். அவன் பின்னங்கால் ஒன்று விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் தொங்கியது. மற்ற மூன்றும் கல்லை விடவில்லை. சைக்கிள் அவர்களைத் தாண்டிப் பறந்தது. கீழே ஒரு மோதல் கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. பிறகு எதுவும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள். செவத்தியின் முன்னங்கால் முறிந்திருந்தது. குன்றனின் மார்பில் முப்பது நாற்பது முள் ஏறியிருந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். முள்ளுக்காக இல்லை.

மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். சடைச்சி குன்றன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"என்னாலயும்தான்," என்றாள் கடைசியில். "இளகுதுன்னு தெரிஞ்சதும் நான் நிறுத்தியிருக்கணும்."

"அட, எப்படியோ காப்பாத்திட்டானே!" என்றது காட்டெருமை. "நன்றி சொல்லு செவத்தி."

"நன்றியா?" செவத்தி சீறினாள். "பள்ளத்துல தள்ளிவிட்டதும் இவன்தானே! நடுவுல கையைப் பிடிச்சா சரியாப்போச்சா?"

அவள் அண்ணே என்று சொல்லவில்லை. அது குன்றனுக்கு முள்ளைவிட ஆழமாக இறங்கியது.

"எனக்குப் பயமா இருந்துச்சு," என்றான். "சைக்கிள்ல ஏறினாலே எனக்குக் கால் ஆடும். சொன்னா சிரிப்பீங்கன்னு..."

"ஆமா, சிரிச்சிருப்பேன்!" என்றாள் செவத்தி. "வரையாட்டுக்குச் சரிவு பயமான்னு வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பேன். ஒரு நாள் சிரிப்பேன், ரெண்டு நாள் சிரிப்பேன். அப்புறம் வேற ஆளைத் தேடியிருப்போம். அவ்வளவுதானே! அதுக்குப் பயந்துதானா என்னைச் சாகக் கொடுக்கப் பாத்தே?"

காட்டெருமை அப்போது தன் தலைக்கவசத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலும் குளம்படி இருந்தது. ஒவ்வொருவராகத் தங்கள் கைப்பிடியை, இருக்கையைப் பார்த்தார்கள். இத்தனை நாள் எதன்மேல் உட்கார்ந்து பாய்ந்தோம் என்று நினைத்தபோது எல்லாருக்கும் உடம்பு சில்லிட்டது. அன்று சைக்கிளில் ஏற ஒருவருக்கும் துணிவில்லை. தள்ளிக்கொண்டே வீடு போனார்கள்.

சடைச்சி எல்லாக் குளம்படியையும் சுரண்டி எடுத்தாள். குன்றனை வேலையைவிட்டுத் தூக்கலாம் என்றார்கள். குன்றனே தலை குனிந்துகொண்டு வந்து ஒன்று கேட்டான்.

"போன தூரத்துக்கு மட்டும் கோடு போடலாமா அக்கா? ஒரு வளைவுன்னா ஒரு கோடு. யார் வேணா பின்னாடியே வந்து பாத்துக்கட்டும்."

சடைச்சி சரி என்றாள்.

செவத்தியின் கால் கூடுவதற்குள் அடுத்த மழை வந்து போய்விட்டது. புது பிரேக் கட்டை தயாரானது, இந்தத் தடவை கடைந்த மரத்தில். செவத்தி நொண்டிக்கொண்டே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். தண்டில் செம்மண்ணால் நான்கு கோடுகள் இருந்தன.

"என்ன இது, நாலே நாலு?"

"நாலு வரைக்கும் நல்லாப் பிடிச்சுது," என்றான் குன்றன். "அதுக்கு மேல எனக்குப் பயமா இருந்துச்சு. இறங்கிட்டேன்."

காட்டெருமை குபீரென்று சிரித்தது. செவத்தியும் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். குன்றன் காது சிவக்க நின்றான். ஆனால் ஓடிப் போகவில்லை.

சிரித்து முடித்ததும் செவத்தி வண்டியில் ஏறினாள். நான்கு வளைவு ஓட்டினாள். ஐந்தாவது வளைவின் வாயில் பிரேக்கைப் பிடித்து, இறங்கி, மீதி ஏழையும் தள்ளிக்கொண்டே போனாள்.

பார்த்தேன் என்று நீ சொல்கிற சொல்மேல் இன்னொருவர் தன் உயிரை வைக்கிறார். அதனால் பயந்து பாதியில் நின்றிருந்தால், சிரித்தாலும் பரவாயில்லை என்று பாதிதான் பார்த்தேன் என்றே சொல்லிவிடு.