கோட்டுக்குக் கீழே கடலுக்கு

கப்பல்கள் பாய் விரித்து ஓடிய முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றைத் திருமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அளவுமீறிச் சுமையேற்றிய கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கியதால், அவன் தன் வாயாலேயே இரண்டு சட்டங்களைச் சொல்லி எழுதவைத்தான்.

'கப்பலின் பக்கவாட்டில் தச்சர் அளந்து வெள்ளைக் கோடு இடவேண்டும். கோட்டுக்குக் கீழே உள்ளது கடலுக்கு; மேலே உள்ளது கப்பல்காரனுக்கு' என்பது முதல் சட்டம். தண்ணீர் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதைத்தான் அரசன் அப்படி அழகுபடச் சொல்லியிருந்தான். 'கடல் அரசனுடையது, அதில் எவரும் எதையும் கொட்டக் கூடாது' என்பது இரண்டாவது.

இவற்றைக் காக்கும் பொறுப்பு அரசவை விகடன் நகைமுகனுக்குக் கிடைத்தது. வணிக அமைச்சர் அளகேசருக்கு வயிறு எரிந்தது. தம் சொந்தக் கப்பலில் மிளகும் இரும்பும் மூட்டை மூட்டையாக அடைத்தார். பழைய கோட்டின்மேல் தார் பூசி மறைத்துவிட்டு, மூன்று முழம் உயரத்தில் புதுக்கோடு வரையச் செய்தார். பிறகு நகைமுகனை மாட்டிவிட, அரசனைத் துறைமுகத்துக்கு அழைத்து வந்தார்.

கப்பலோட்டி பவளக்கண்ணு ஓடிவந்து நகைமுகனின் காதோரம் சொன்னான்: "ஐயா, முப்பது பேரு ஏறப்போறோம். தண்ணி விளிம்புக்குக் கிட்ட வந்துடுச்சு. எப்படியாச்சும் நிறுத்திடுங்க!"

அளகேசர் முந்திக்கொண்டார். "அரசே! கோடு தண்ணீருக்கு மேலே தெரிகிறது. சட்டத்தை எழுத்து மாறாமல் நடத்த வேண்டும். கப்பலைத் தடுத்தால் விகடன் குற்றவாளி."

"உண்மைதான். தடுத்தால் உன் தலை போகும், நகைமுகா" என்றான் அரசன்.

கப்பலேற இருந்த முப்பது பேரும் நகைமுகனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் சட்ட ஓலையை வாங்கி இரண்டு முறை படித்தான். பிறகு கைகூப்பினான்.

"அரசே, நான் தடுக்கவில்லை. கப்பல் தாராளமாகப் புறப்படட்டும். அதற்குமுன் கடலின் பங்கை இறக்கிவிடச் சொல்லுங்கள்."

"கடலின் பங்கா?"

"கோட்டுக்குக் கீழே உள்ளது கடலுக்கு என்பது தங்கள் வாக்கு. அமைச்சரின் கோடு மேல்தளத்தை ஒட்டி இருக்கிறது. சரக்கு முழுவதும் அதற்குக் கீழேதான் கிடக்கிறது."

அளகேசர் சீறினார். "அப்படியானால் அத்தனையையும் கடலில் கொட்டுவாயோ?"

"கொட்டினால் இரண்டாவது சட்டம் என்னைப் பிடிக்குமே! கடலுக்கு உரியவர் அரசர். ஆகவே மூட்டைகள் அரண்மனைக் கிடங்குக்குப் போகட்டும். எழுத்து மாறாமல் என்று தாங்கள்தானே சொன்னீர்கள்?"

கூலியாட்கள் முதல் மூட்டையைத் தூக்கியதும் அளகேசர் பதறிப்போனார். "நில்லுங்கள்! அது உண்மையான கோடே அல்ல! நேற்றுப் பூசியது! பழைய கோடு கீழே தாருக்குள் இருக்கிறது!"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது என்னவென்று அவருக்கே புரிந்தது.

அரசன் ஒரு கணம் திகைத்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் அளகேசரின் பதவியைப் பறித்தான். இனிக் கோட்டை உளியால் செதுக்கவேண்டும் என்று சட்டத்தையும் திருத்தினான்.

தாரைச் சுரண்டி, பழைய கோடு தண்ணீருக்கு மேலே தெரியும்வரை மூட்டைகளை இறக்கினார்கள். கப்பல் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. பவளக்கண்ணு மேல்தளத்தில் அப்படியே உட்கார்ந்து, "அப்பாடா!" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நகைமுகனுக்குக் கழுத்து நிறைய முத்துமாலை கிடைத்தது. அவன் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "மாலையைவிட, அதை மாட்டக் கழுத்து மிஞ்சியதே பெரிய பரிசு, அரசே!" என்றான். அரசன் மறுபடியும் சிரிக்க, துறைமுகமே சேர்ந்து சிரித்தது.