ஏழாவது துளிர்

நாச்சிமுத்துவுக்கு அறுபத்தொரு வயது. மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதில் உடுமலைப் பக்கம் அவரை மிஞ்ச ஆளில்லை. அதை யாரும் மறந்துவிடாதபடி அவரும் பார்த்துக்கொள்வார்.

அவர் தோட்டத்தில் ஒரு பப்பாளி மரம். அந்த இனிப்பு வேறெங்கும் கிடையாது. அதன் விதையைப் போட்டால் செடி வந்தது, ருசி வரவில்லை. ஒரு மழைக்குத் தண்ணீர் தேங்கித் தூர் அழுகத் தொடங்கியது. நுனிக் கொழுந்தை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, புட்டிக்குள் செடி வளர்க்கும் ஜெசிந்தாவின் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயதுதான். தனக்கும் கற்றுத் தரச் சொல்லிக் கேட்டு, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு அங்கேயே மாணவராகிவிட்டார்.

அந்தக் கொழுந்திலிருந்து கண்ணாடிப் புட்டிகளுக்குள் ஏழு துளிர்கள் வளர்ந்தன. ஒன்றும் வேர் விடவில்லை. அதற்குள் தோட்டத்து மரம் சாய்ந்துவிட்டது. இனி அந்த மரம் என்றால் இந்த ஏழுதான்.

புட்டிக்குள்ளேயே விதையில் முளைத்த நாற்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, துளிரை அதில் உட்காரவைக்க வேண்டும். வைத்தால் போதும், கட்ட வேண்டாம் என்று ஜெசிந்தா வேறொரு செடியில் செய்து காட்டிவிட்டு ஒரு வாரம் வெளியூர் போனார்.

நாச்சிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. கட்டாததெல்லாம் ஓர் ஒட்டா? ஆறு துளிர்களை நாற்றில் வைத்து, சுத்தம் செய்த மெல்லிய நாடாவால் இறுக்கிக் கட்டினார். ஒன்றைக் கைவசம் வைத்துக்கொண்டார். அது அவருடைய பழைய வழக்கம்.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது ஆறும் கறுத்திருந்தன.

"என் கையில என்னங்க குத்தம், டீச்சர்?" நாச்சிமுத்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

ஜெசிந்தா திட்டவில்லை. சுண்டுவிரலை நீட்டினார்.

"மாங்கன்னுக்குக் கட்டற மாதிரி இதுல கட்டுங்கய்யா."

கட்டினார். கட்டிய விரலோடு ஜெசிந்தா அந்த ஆறு புட்டிகளையும் கழுவ உட்கார்ந்தார். நிதானமாகத்தான் கழுவினார். கடைசிப் புட்டிக்கு வருவதற்குள் விரல் நீலம் பாரித்துவிட்டது. நாச்சிமுத்து பதறிப்போய் நாடாவை அறுத்தெறிந்தார்.

ஏழாவது துளிரை அவரே வைத்தார். வைத்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். ஒட்டு வைப்பதைவிடக் கையைச் சும்மா வைத்திருப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

பதினைந்தாம் நாள் கடுகளவு புது இலை தெரிந்தது. நாச்சிமுத்து அழுதார், மறைக்கவும் இல்லை.

சில வாரம் கழித்துக் கன்றைத் தொட்டிக்கு மாற்றி நிழல்வலைக்கு அடியில் வைத்தார்கள். ஆடிக் காற்று வலைக்குள்ளும் புகுந்தது. கன்று அசைந்தது. நாச்சிமுத்துவின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. நாடா அங்கேதான் இருந்தது.

"இப்பவாச்சும் ஒரே ஒரு சுத்து கட்டட்டுங்களா, டீச்சர்? காத்துல சாஞ்சு போயிருமுங்க."

"சாஞ்சா நிமுத்திக்கலாங்கய்யா. நசுங்கிட்டா என்ன பண்றது?"