கடவுச்சொல்லை மாற்றிக்கொண்ட கதை

பொட்டல்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொன்னாலும் புரியாது என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஊரில் ஓர் அறக்கட்டளை இருந்தது. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. தலைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி, பொருளாளர் சொரிமுத்து, செயலாளர் தங்கப்பழம். தொடங்கிய நாள்முதல் ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை. கூட்டம் மட்டும் தவறாமல் நடந்தது.

மற்ற இருவரைவிடத் தங்கப்பழத்துக்கு அவசரம் அதிகம். அவன் அக்கா வடிவு படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அவளுடைய பெட்டிக்கடையில் இப்போது அத்தான் உட்கார்ந்திருந்தார். தலைவலி மாத்திரை கேட்டவர்களுக்கு ஊதுபத்தியைக் கொடுத்து, மணத்திலேயே சரியாகிவிடும் என்று அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ஏல, எனக்கொரு வண்டி வாங்கித் தா. நான் கடையில போய் உக்காந்துக்கிடுதேன். இல்லன்னா அந்த மனுசன் கடையை மூடிருவாரு" என்று அக்கா பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்.

அந்தச் சமயத்தில், அறக்கட்டளைகளைக் கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றும் ஆட்கள் பெருகிவிட்டார்கள் என்று டவுனில் ஒருநாள் வகுப்பு நடத்தினார்கள். மூவரும் பஸ் ஏறிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதீர்கள், பாதுகாப்பு இரண்டு அடுக்காக இருக்கட்டும், கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று வகுப்பெடுத்த அம்மாள் சொன்னார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஊர் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தார்கள். முதலில் கம்ப்யூட்டரை ஒரு போர்வையால் மூடி, அந்தப் போர்வையை இன்னொரு போர்வையால் மூடினார்கள். இரண்டு அடுக்கு ஆயிற்று.

கடவுச்சொல்தான் யோசிக்க வைத்தது. யாருக்கும் சொல்லக் கூடாது என்றால் ஒருவருக்கொருவரும் சொல்லக் கூடாது. ஆகவே அறக்கட்டளையின் மெயிலுக்கு உரிய கடவுச்சொல்லை மூன்று பங்காக்கி, ஆளுக்கொரு பங்கை மனதில் வைத்துக்கொண்டார்கள். மெயில் பார்க்கும்போது இருவர் சுவரைப் பார்த்து நிற்பார்கள், ஒருவர் தன் பங்கைத் தட்டுவார். பிறகு அவர் சுவருக்குப் போவார், அடுத்தவர் வருவார். இது நன்றாகவே நடந்தது.

கொஞ்ச நாள் கழித்துச் சொரிமுத்துவுக்கு ஞாபகம் வந்தது. "அண்ணாச்சி, அந்த அம்மா மாத்திக்கிடச் சொன்னாவுளே, மறந்துட்டியளா?"

மாற்றிக்கொள்வது எப்படி என்று நெடுநேரம் பேசினார்கள். பஸ்ஸில் இருவர் இடம் மாற்றிக்கொள்வதுபோலத்தான் இதுவும் என்று முடிவாயிற்று. தலைவர் தன் பங்கைத் தங்கப்பழத்துக்குக் கொடுத்தார். தங்கப்பழம் தன்னுடையதைச் சொரிமுத்துவுக்கும், சொரிமுத்து தன்னுடையதைத் தலைவருக்கும் கொடுத்தார்கள். மூவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

தங்கப்பழம் தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, உங்க பங்கு இப்ப என்கிட்ட இருக்கு. அது என்னன்னு சொன்னா நல்லாருக்கும்."

"அதைச் சொல்லக் கூடாதுல்லா."

"என்னுதுதானே அண்ணாச்சி?"

"உன்னுதைப் பத்தி என்கிட்ட ஏன்வே கேக்க? இனிமே நான் அதை நெனைக்கக்கூடக் கூடாது."

அவரவர் பழைய பங்கையே தட்டினால் என்ன என்று தங்கப்பழம் கேட்டுப் பார்த்தான். அடுத்தவன் பொருளில் கை வைப்பதா என்று சொரிமுத்து முகம் சுளித்தான். தலைவர் நேர்மையான மனிதர். அன்று மாலைக்குள் தன் பழைய பங்கை முயற்சி செய்து மறந்துவிட்டார்.

இப்படி இருக்கையில்தான் ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. பொட்டல்குளத்துக்கு இலவசச் சக்கர நாற்காலிகள் தயார், மெயிலைத் திறந்து 'சம்மதம்' என்ற இடத்தை அமுக்கினால் போதும், வெள்ளிக்கிழமைக்குள் அமுக்காவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும் என்றார்கள். தங்கப்பழம் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னான். வடிவு உடனே தலை சீவி, கடைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டிலில் தயாராக உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு போர்வைகளையும் எடுத்துப் பார்த்தும் மெயில் திறக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. பேங்க் மேலிடத்திலிருந்து பேசுவதாக ஒரு குரல் சொன்னது. கணக்கு முடங்கப்போகிறதாம், மெயிலின் கடவுச்சொல் வேண்டுமாம்.

"அதைச் சொல்லக் கூடாது சார். அதோட, எங்களுக்குத் தெரியவும் தெரியாது" என்றான் தங்கப்பழம்.

அந்த ஆள் பொறுமைசாலி. அப்படியென்றால் புதிதாக ஒன்று வைத்துவிடலாம், உங்கள் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்கள் என்றான். நம்பரும் வந்தது. சொல்லலாமா என்று தங்கப்பழம் தலைவரைப் பார்த்தான்.

"கடவுச்சொல்லைத்தான் சொல்லக் கூடாதுன்னாவ. இது எண்ணுல்லா. எண்ணு எப்படிவே சொல்லாகும்?"

சொரிமுத்துவுக்கு மனம் ஆறவில்லை. "நாலுன்னு வாயால சொன்னா அது சொல்லுதானே அண்ணாச்சி?"

நியாயமாகத்தான் பட்டது. அதனால் வாயைத் திறக்காமல், போனை மேஜைமேல் வைத்து, நாலுக்கு நாலு தட்டு, ஏழுக்கு ஏழு தட்டு என்று தட்டிக் காட்டினார்கள். பூஜ்யம் வந்த இடத்தில் மூவரும் மூச்சுக்கூட விடவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து அவன் மறுபடி கூப்பிட்டான். மறுபடி முதலிலிருந்து தட்டினார்கள்.

ஒருவழியாக அவன் மெயிலுக்குள் போய்விட்டான். மேலும் கீழும் துழாவிப் பார்த்தான். "என்னய்யா, இதுல ஒண்ணுமே இல்ல?" என்றான்.

"இருக்கும் சார். மேலயே சக்கர நாற்காலின்னு ஒண்ணு இருக்கும். அதுல சம்மதம்ங்கிறதை மட்டும் அமுக்கிருங்க."

அவன் போனை வைத்துவிட்டான். தங்கப்பழம் திருப்பிக் கூப்பிட்டான். அவன் வைத்தான், இவன் கூப்பிட்டான். அக்கா படியில் விழுந்ததைச் சொன்னான். கடையைச் சொன்னான். அத்தானையும் ஊதுபத்தியையும் விடாமல் சொன்னான். பொழுது சாயும் நேரத்தில் அந்தக் குரல் மிகவும் களைத்திருந்தது.

"அமுக்கித் தொலைச்சா இனிமே கூப்பிட மாட்டீங்களே?"

"சத்தியமாக் கூப்பிட மாட்டோம் சார்."

அமுக்கிவிட்டான்.

அடுத்த வாரம் லாரியில் நாற்காலிகள் வந்து இறங்கின. வடிவு கடைக்குப் போய், முதல் வேலையாக அத்தானை எழுப்பி வெளியே அனுப்பினாள்.

முன்பின் தெரியாத ஊருக்கு இவ்வளவு செய்த அதிகாரிக்குப் பாராட்டு விழா எடுக்காமல் இருக்கலாமா? ஆனால் பேரும் ஊரும் தெரியாது. கூப்பிட மாட்டோம் என்று சத்தியம் வேறு செய்தாயிற்று. அவர் வந்ததும் போனதும் போனில்தான் என்பதால், போனுக்கே செய்துவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டார்கள். நடு நாற்காலியில் அறக்கட்டளையின் போனை உட்காரவைத்து, சந்தனம் பூசி, பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் வாழ்த்துரையைத் தொடங்கி, அதிகாரியின் பிள்ளைப்பருவம்வரை வந்திருந்தார். அப்போது பொன்னாடைக்குள் மணி அடித்தது.

முன்வரிசையில் புது வண்டியில் இருந்த வடிவு, "ஏல, அவருதான் கூப்பிடுதாரு போல. எடுத்துப் பேசுல" என்றாள். தங்கப்பழம் பாய்ந்து எழுந்தான்.

தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "பொறுவே, முறைன்னு ஒண்ணு இருக்கு. ஏற்புரை கடைசியிலதான்" என்றார்.

தங்கப்பழம் மெதுவாகப் போய்ப் பொன்னாடையின் ஓரத்தைத் தூக்கி, அடித்துக்கொண்டிருந்த போனைப் பார்த்து, "சார், உங்களுக்கு முன்னால இன்னும் நாலு பேரு பேசணும்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, மறுபடி மூடினான்.