சடையப்பன் வீட்டைச் சூடாக்கிய கதை

கோத்தகிரிக்கு மேலே காக்காச்சோலை என்று ஒரு ஊர். அங்கே புத்திசாலிகளும் இருந்தார்கள். நல்லவேளை, அவர்கள் யாரும் இந்தக் கதைக்குள் வரவில்லை. வந்தவன் சடையப்பன். டீத்தூள் ஃபேக்டரியில் மூட்டை தூக்குகிறவன், தங்கமானவன். சொன்ன சொல்லைச் சொன்னபடியே செய்வான். அவனிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

அவன் பெண்டாட்டி வளர்மதி பிரசவத்துக்கு மலைக்குக் கீழே காரமடையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. பிறந்த அன்றைக்குப் போய் எட்டிப் பார்த்தான். துணிச்சுருளுக்குள் மூக்கு மட்டும் தெரிந்தது. அப்புறம் மாதக்கணக்காகிவிட்டது.

"உங்க ஐஸ்பெட்டி வீட்டுக்குப் பச்சப்புள்ளையத் தூக்கிட்டு வரமாட்டேன். வீட்டைச் சூடு பண்ணிட்டு போன் பண்ணுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டாள் வளர்மதி.

சடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. டீத்தூள் மூட்டையைத் தூக்கினால்கூடக் குழந்தை ஞாபகம் வந்து, இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் லாரியில் ஏற்றினான்.

அவனுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருத்தன் ஜீப் ஓட்டும் வெள்ளிங்கிரி. இன்னொருத்தன் குப்புராஜ், ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வாட்ச்மேனாக இருந்துவிட்டு, அன்றிலிருந்து தன்னைப் பாதி டாக்டராக நினைத்துக்கொண்டிருப்பவன். மூவரும் போய் மெக்கானிக் பீர்முகமதைப் பிடித்தார்கள். அவர் பட்டறையில் வண்டிகளிலிருந்து இறக்கிய வேஸ்ட் ஆயிலில்தான் குளிர்காயும் கணப்பு எரியும்.

"ஒரு டிரம்மை அறுத்து நானே பண்ணித் தர்றேன் தம்பி" என்றார் பீர்முகமது. "ஓடி ஓடிக் கறுத்த ஆயில்தான் ஊத்தணும், புதுசு கூடாது. சொட்டுச் சொட்டா விழணும். புகை வீட்டுக்குள்ள நிக்கக் கூடாது, காத்து தாராளமா வந்து போகணும். எரியும்போது ஆள் பக்கத்துலயே இருக்கணும். ஆயில் அந்தப் பீப்பாய்ல கெடக்கு, சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

குப்புராஜ் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"மச்சான், இது எவனெவன் வண்டியில ஓடுனதோ. ஊரு எச்சில். பச்சப்புள்ள இருக்கற வீட்டுல எச்சில் ஆயிலா எரிக்கறது?"

"நாயமான பேச்சு" என்றான் வெள்ளிங்கிரி. சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தகப்பன் தனக்கு இது தோன்றவில்லையே.

ஆகவே கடையில் சீல் உடைக்காத புது ஆயிலை வாங்கி, வெள்ளிங்கிரியின் ஜீப்பில் ஊற்றி, அது கறுக்கும்வரை ஓட்டினார்கள். மலையை விட்டு இறங்கினார்கள், ஏறினார்கள், மறுபடியும் இறங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் காரமடை வரைக்கும் போய், வளர்மதி வீட்டு வாசலைத் தாண்டித்தான் வண்டியைத் திருப்பினார்கள்.

கடைசியில் ஒருநாள் வளர்மதியே இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக நடுரோட்டில் நின்று ஜீப்பை மறித்தாள்.

"மாமா, இந்த வெக்கையில பாப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. நான் இப்பவே வர்றேன்."

"வீடு இன்னும் சூடாகலையே, வளரு."

"ஆகாட்டிப் போகுது."

"நீ ஒரு வார்த்தை சொல்லிட்டே. உன் வார்த்தையை நானே கெடுக்கலாமா?" என்றான் சடையப்பன். குழந்தையைப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்று முகத்தை ரோட்டுப் பக்கமே வைத்துக்கொண்டான். ஜீப் கிளம்பியதும் அவன் அழுதான். கூட்டாளிகள் இருவரும், பெண்டாட்டியின் சொல்லை இப்படிக் காப்பாற்றுகிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று மலை ஏறும்வரை மெச்சிக்கொண்டே வந்தார்கள்.

ஆயில் ஒருவழியாகக் கறுத்தது. சொட்டுச் சொட்டாக விட வேண்டுமே, அதற்குக் குப்புராஜ் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற பாட்டிலையும் ஸ்டாண்டையும் கொண்டுவந்தான். "மொத நாளே வேகமா ஏத்துனா உடம்பு தாங்காது" என்று திருகைக் கொஞ்சமாகத் திறந்தான். ஸ்டாண்டைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் பக்கத்து லைன் வீட்டுக்காரம்மா ஒரு பாக்கெட் ரொட்டியோடு நலம் விசாரிக்க வந்தார். ரொட்டியை நோயாளி சார்பாக வெள்ளிங்கிரி சாப்பிட்டான்.

அடுத்து புகை விஷயம்.

"புகை எங்க இருக்கணும்?" என்று கேட்டான் குப்புராஜ்.

"வெளியே."

"அடுப்பு உள்ள இருந்தா, புகை வெளிய போறதுக்குக் குழாய் வேணும். அடுப்பே வெளிய இருந்தா?"

இவ்வளவு சுலபமான சங்கதி பீர்முகமதுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று மூவருக்கும் அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது. அவர் பண்ணித் தந்த கணப்பை வாசலில் வைத்தார்கள். காற்று தாராளமாக வந்து போக வேண்டும் என்பதால் வீட்டின் கதவுகளையும் ஜன்னல்களையும் கழற்றிக் கொல்லையில் அடுக்கினார்கள்.

கணப்பு பிரமாதமாக எரிந்தது. ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதால் மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சடையப்பன் மட்டும் அடிக்கடி எழுந்து வீட்டுக்குள் போய், பல் கிடுகிடுக்கத் திரும்பி வந்தான்.

"ஆச்சா?"

"இன்னும் இல்ல."

பொழுது சாயும் நேரம் கடைசி வளைவில் பஸ் வந்து நின்றது. வளர்மதி இறங்கினாள். யாரையும் ஒன்றும் கேட்காமல் வந்து, குழந்தையோடு கணப்புக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வளர்மதி வந்துருச்சு போல" என்றான் வெள்ளிங்கிரி.

"எப்படி வரும்?" என்றான் குப்புராஜ். "வீடு சூடானாத்தான் போனு. போன் போட்டாத்தான் வரும். நாம இன்னும் போனே போடலியே."

சடையப்பன் வந்தவளை ஏற இறங்கப் பார்த்தான். சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனாலும் தன் பெண்டாட்டி வார்த்தை தவறுகிறவள் இல்லை என்று அவனுக்கு உறுதியாகத் தெரியும். எதற்கும் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்து அழுத்தினான். பெஞ்சில் இருந்தவளின் பைக்குள் மணி அடித்தது.

வளர்மதி அவனை ஒரு பார்வை பார்த்தாள். இவனோடு குடித்தனம் நடத்தியவள் அல்லவா? குழந்தையை அவன் மடியில் கிடத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

"சொல்லுங்க மாமா."

"வீடு இன்னும் சூடாகலை வளரு. அவசரப்பட்டுக் கிளம்பி வந்துடாதே."

"சரிங்க. வரலை."

குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு பொக்கை வாயால் சிரித்தது. சடையப்பன், பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கக் கூடாதென்று போனில் குரலைத் தாழ்த்தினான்.

"வளரு, இங்க யாரோ ஒரு அம்மா குழந்தையை என் மடியில போட்டுட்டு போன் பேசிக்கிட்டு இருக்காங்க. அப்படியே நம்ம பாப்பா மூக்கு. நீ வர்றவரைக்கும் எப்படியாவது இவங்களைப் போகவிடாம வெச்சிருக்கேன், வந்து பாரு."