மூன்று மண்டைகள் பனிமலைக்குப் போன வைபவம்

கால்கரி நகரத்தில் மூளையைக் கசங்காமல் மடித்து வைத்துவிட்டு வாழ்ந்த மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறேன். மூவரும் பட்டதாரிகள். படிக்காதவர்களாக இருந்திருந்தால் மன்னித்துவிட்டிருக்கலாம்.

மூத்தவர் நெல்லையப்பன், ஒரு குழாய்க் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. அந்தக் கம்பெனி இன்னும் வெடிக்காமல் இருப்பது கடவுள் செயல். மற்ற இருவர் பொன்னம்பலமும் திருவேங்கடமும். இருவரும் அவருக்கு ஊர்க்காரர்கள். அண்ணாச்சி தும்மினால்கூட அதில் ஏதோ உட்பொருள் இருக்கும் என்று நம்புகிறவர்கள்.

அந்த ஜனவரியில் நெல்லையப்பனின் மனைவி செண்பகவல்லிக்கு அவள் தம்பி ஒரு படம் அனுப்பினான். பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலில் அவன் மலை உச்சியில் நின்றான். செண்பகவல்லி படத்தைப் பார்த்தாள், பிறகு சோபாவில் கிடந்த கணவரைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். திட்டியிருந்தால் நெல்லையப்பன் மறந்திருப்பார். பெருமூச்சு அவரை ஒரு வாரம் குத்திக்கொண்டே இருந்தது.

மூன்று மணி நேரத் தொலைவில், கோல்டன் என்ற மலையூரில், வண்டி வாடகைக்கு விட்டு வழிகாட்டியாகவும் கூட வரும் ஹெலன் என்ற அம்மாளைப் பிடித்தார்கள். முதல்முறை வருகிறவர்களுக்கான குறிப்புகளை அவள் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினாள். எழுதும்போது படிக்கப்போவது யார் என்று அவளுக்குத் தெரியாது, பாவம்.

நெல்லையப்பன் வீட்டில் ஆலோசனை கூடியது.

"அடுக்கடுக்கா உடுத்தணும், பருத்தி ஆகாதுன்னு போட்டிருக்கு அண்ணாச்சி" என்றான் பொன்னம்பலம்.

"பருத்தி இல்லாத வேட்டி எது?"

மூவரும் யோசித்தார்கள். திருவேங்கடத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. "பட்டு!"

கல்யாண வேட்டிகள் வெளியே வந்தன.

"உபரி பெல்ட் ஒண்ணு கட்டாயம் வேணுமாம்" என்று பொன்னம்பலம் அடுத்ததைப் படித்தான். ஹெலன் சொன்னது எஞ்சினில் ஓடும் பெல்ட்டை.

"வண்டி போற வேகத்துல இடுப்புல எதுவும் நிக்காது போல" என்றார் நெல்லையப்பன் கவலையோடு. "ஆளுக்கு ரெண்டாக் கட்டிக்கிடுவோம்."

பனிச்சரிவில் ஒருவர் புதைந்துபோனால் கண்டுபிடிக்க, ஆளுக்கொரு சிக்னல் கருவி மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். புதைந்தவரின் கருவி கூப்பிடும், மற்றவரின் கருவி அதைக் கேட்டு வழி காட்டும். 'கருவியைப் பனியில் புதைத்துத் தேடிப் பழகிவிட்டு வாருங்கள்' என்று ஹெலன் எழுதியிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு பனி கிடந்தது. யார் கருவியைப் புதைப்பது என்று சண்டை வரக்கூடாது அல்லவா? வாடகைக்கு எடுத்து வந்த மூன்றையும் புதைத்தார்கள். பிறகு வெறுங்கையோடு நின்றார்கள்.

"இப்ப எதை வச்சுத் தேட?" என்றான் திருவேங்கடம்.

நெல்லையப்பன் தாடையைத் தடவினார். "அதைக் கண்டுபிடிக்கத்தானவே பழகுதோம்."

சாயங்காலம் வரை மண்வெட்டியால் தோண்டினார்கள். இரண்டு கருவிகளை அவர்களே எடுத்தார்கள். மூன்றாவதைப் பக்கத்து வீட்டு நாய் எடுத்தது.

கடைசிக் குறிப்பு: 'பயணத் திட்டத்தை நம்பிக்கையான ஒருவரிடம் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.' ஊர், பாதை, நேரம், ஹெலனின் போன் நம்பர் எல்லாம் இருந்த ஒரே காகிதத்தைச் செண்பகவல்லியிடம் விட்டுவிட்டு மூவரும் கிளம்பினார்கள். நாற்பது நிமிஷம் ஓட்டிய பிறகு பொன்னம்பலம் கேட்டான், "அண்ணாச்சி, எந்த ஊருக்குப் போறோம்?"

"திட்டத்துல இருக்கு."

"திட்டம் எங்க இருக்கு?"

நெல்லையப்பன் வீட்டுக்குப் போன் போட்டார். மறுமுனையில் காகிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு செண்பகவல்லி ஊர்ப் பேரை, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல எழுத்துக் கூட்டிச் சொன்னாள். நெல்லையப்பனுக்குக் காது சுட்டது. இன்றைக்கு ஒரு மலையையாவது தாண்டிக் காட்டாமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று அப்போது முடிவு செய்தார்.

கோட்டுக்குக் கீழே பட்டு ஜரிகை தெரிய வந்து நின்ற மூவரையும் ஹெலன் ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்புப் பெல்ட்டுகளை எண்ணிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். மூன்று பேரும் எப்படியோ விழாமல் ஓட்டி மேலே வந்து சேர்ந்தார்கள்.

மேலே ஒரு வெள்ளை மலைச்சரிவு குறுக்கே கிடந்தது. ஹெலன் கையுறை விரலை உயர்த்தினாள்.

"கவனமாகக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் தாண்ட வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். தாண்டுகிறவர் மேலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. இதை மீறினால் உயிர் போகும்."

மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். தலையாட்டலில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

ஹெலன் முதலில் தாண்டி அக்கரையில் நின்று கையசைத்தாள். அடுத்து நெல்லையப்பன். பாதி வழியில் குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்துகொண்டார். ஆனால் தாண்டிவிட்டார்! வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியம் ஒழுங்காக முடிந்த ஆச்சரியத்தில் அவருக்கு அழுகை வந்தது. பின்னால் எங்கேயோ 'தம்' என்று ஒரு சத்தம் கேட்டதைக்கூட அவர் சட்டை செய்யவில்லை.

அதற்குள் எதிர்ப்பக்கத்தைப் பனிமூட்டம் மறைத்திருந்தது. ஹெலன் அடுத்த ஆளுக்குக் கையசைத்தாள். யாரும் வரவில்லை. மறுபடி அசைத்தாள். பிறகு அவளும் நெல்லையப்பனும் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் மேட்டிலிருந்து பனி இறங்கி வீடளவு குவிந்து கிடந்தது. ஆட்களும் இல்லை, வண்டிகளும் இல்லை.

ஹெலனின் முகம் வெளுத்தது. மீட்புக் குழுவை ரேடியோவில் கூப்பிட்டாள். கருவியைப் பனிமேட்டில் நீட்டினாள். சத்தமே இல்லை.

"ஏ பொன்னம்பலம்! ஏலே திருவேங்கடம்!" நெல்லையப்பன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வெறுங்கையால் பனியைப் பறித்தார். விரல்கள் மரத்தன. அவர்கள் அம்மாமாருக்கு என்ன சொல்வது என்று புலம்பிக்கொண்டே இன்னும் ஆழமாகப் பறித்தார். ஹெலிகாப்டர் வந்தது. பத்துப் பேர் இறங்கினார்கள், கூடவே ஒரு நாய். நான்கு மணி நேரம் அந்த மேட்டைத் தோண்டினார்கள்.

அப்போது நெல்லையப்பனின் போன் அடித்தது.

"அண்ணாச்சி, தாண்டியாச்சா?" என்றது பொன்னம்பலத்தின் குரல்.

நெல்லையப்பன் பனியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கவே இருக்க?"

"பாதுகாப்பான இடத்துல. நாங்க நின்ன இடத்துக்குப் பக்கத்துலயே பனி விழுந்துச்சு. இது சரிப்படாதுன்னு கீழ கார் நிப்பாட்டுற இடத்துக்கு வந்தோம். அங்க கூரையில இருந்து பனி விழும்னு போர்டு. காரை எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்தோம். அங்க 'பனிச்சரிவுப் பகுதி, நிற்காதீர்'னு போட்டிருக்கு. நிக்காதன்னா எப்படி நிக்க? போய்க்கிட்டே இருந்தோம்."

"எது வரைக்கும்?"

"உங்க வீடு வரைக்கும். மதினி தோசை சுடுதாங்க."

"என் மேல இருந்து கண்ணை எடுக்கக் கூடாதுன்னு அந்த அம்மா சொல்லிச்சே!"

"எடுக்கலையே! உங்களைப் போட்டோ பிடிச்சுக்கிட்டோம். நான் வண்டி ஓட்டையில திருவேங்கடம் பார்த்தான். அவன் ஓட்டையில நான் பார்த்தேன்."

நெல்லையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு பொறுப்பும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் தாண்டிட்டேன். அடுத்தது நீதான். கிளம்பு."

"இந்தத் தோசை முடிஞ்சதும் கிளம்பிருதேன். நீங்க கண்ணை எடுத்துராதீங்க அண்ணாச்சி."

வியர்வையும் பனியுமாக நின்ற மீட்புக் குழுத் தலைவர், எல்லாரும் ஹெலிகாப்டரில் ஏறலாம் என்றார். நெல்லையப்பன் மறுத்தார். காலி மலைச்சரிவைக் கைகாட்டி, ஆள் தாண்ட வேண்டியிருக்கிறது என்று விளக்கினார். ஹெலன் பற்களுக்கிடையில் ஏதோ சொன்னாள். நான்கு பேர் அவரைத் தூக்கி உள்ளே போட்டார்கள். அப்போதும் அவர் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, இமைக்காமல் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு வந்தார். ஹெலிகாப்டர் திரும்பியது. ஒரு சிகரம் குறுக்கே வந்து சரிவை மறைத்தது.

நெல்லையப்பன் பதறிப்போய்ப் போனை எடுத்தார்.

"ஏ பொன்னம்பலம், அப்படியே நில்லு! அசையாத! எனக்கு மலை தெரியல!"

கால்கரியில், செண்பகவல்லியின் சமையலறையில், நான்காவது தோசையை வாய்க்குக் கொண்டுபோன பொன்னம்பலம் கையை அந்தரத்தில் நிறுத்தினான். சட்னி சொட்டியது. அவன் அசையவில்லை.